ரெட்மியா, சாம்சங்கா, விவோவா? வாசகர் கேள்வி – பதில்

புது போன் எடுப்பது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பையன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். பதினெட்டாயிரம் வரை போடலாம். கடைக்காரர் ஒரே விலையில் மூன்று பிராண்டு காட்டுகிறார். ஒன்றில் ‘16 ஜிபி ரேம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றில் 6 ஜிபிதான். எந்தப் பெயரை நம்புவது?
– வாசகி, பாலக்கோடு

பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடையில் எதிரெதிரே அடுக்கியிருக்கும் பெயர்களில் பல ஒரே குடும்பம்தான். ரெட்மி, போக்கோ இரண்டும் ஷாவ்மியுடையவை. ரெட்மியில் வந்த போனே சின்ன மாற்றங்களோடு போக்கோ என்ற பெயரிலும் வருவதுண்டு. ஐக்யூ, விவோவின் கிளை. ஒன்பிளஸ், ரியல்மி இரண்டும் ஓப்போ வழி வந்தவை. அதனால் ‘ரெட்மி நல்லதா, போக்கோ நல்லதா’ என்று கேட்பதைவிட, கையில் இருக்கும் அந்த ஒரு மாடலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் பயன் தரும்.

‘16 ஜிபி ரேம்’ என்பது பெரும்பாலும் 8 ஜிபி நிஜ ரேமும் (போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்), சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய 8 ஜிபியும் சேர்ந்த கணக்கு. கடன் வாங்கிய பகுதி நிஜ ரேமின் வேகத்தில் ஓடாது. அதோடு உங்கள் 128 ஜிபி இடத்திலும் அந்த அளவு குறைந்துவிடும். கடையில் காட்சிக்கு வைத்த போனில் செட்டிங்ஸைத் திறந்து, ‘போனைப் பற்றி’ பகுதியைப் பாருங்கள். ‘8 + 8’ என்று இருந்தால் முதல் எண்தான் உங்களுக்குக் கிடைப்பது.

ரேமைவிட முக்கியமானது சேமிப்பகத்தின் வகை. இதை ஸ்டிக்கரில் போடமாட்டார்கள். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி 5.1 வகையும், அதற்கு மேற்பட்டவற்றில் யூஎஃப்எஸ் 2.2 அல்லது 3.1 வகையும் இருக்கும். இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யூஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. வாங்கிய புதிதில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றரை வருடத்தில் வாட்ஸ்அப் படங்களும் ரீல்ஸும் இடத்தை நிரப்பிய பிறகு, இஎம்எம்சி போன் கேமராவைத் திறக்கவே திணறும். நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் பெயரைத் தட்டி ‘ஸ்டோரேஜ்’ வரியைப் பாருங்கள். வகையை எழுதாமல் அளவை மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது அப்டேட். இதில் பிராண்டுக்குப் பிராண்டு உண்மையான வித்தியாசம் இருக்கிறது. 2024-இல் வந்த சாம்சங் ஏ16 5ஜி மாடலுக்கு ஆறு ஆண்டு அப்டேட் தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. பிக்சல் 8, சாம்சங் எஸ்24 முதலான விலை கூடிய மாடல்களுக்கு ஏழு ஆண்டு. ஏ16 விலையில் வரும் மற்ற பல போன்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு மாற்றமும் மூன்று, நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டும்தான். இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒன்றரை வருடம் பழைய மாடலைத் தள்ளுபடியில் எடுத்தால் அந்த ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டது. அதே சமயம், போட்டி பிராண்டுகள் அதே காசுக்கு வேகமான சிப்பும் வேகமான சார்ஜும் தருகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. பையன் கேம் ஆடுபவன் என்றால் அவை பக்கம் போகலாம். பாடம், வங்கி, யூபிஐ என்றால் அப்டேட் கூடுதலாக வரும் போனே எங்கள் தேர்வு.

கேமராவின் மெகாபிக்சலைக் கடைசியில் பாருங்கள். 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் எடுக்கும். ‘மூன்று கேமரா’வில் இரண்டு, மிக அருகில் படம் எடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும் பின்னணியை மங்கலாக்க உதவும் டெப்த்துமாக இருந்தால் அவை எண்ணிக்கைக்கு வைத்தவை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மாலை வெளிச்சத்தில் அதன் அருமை தெரியும்.

எங்களுடையது அஞ்செட்டி பக்கம் மலைக்கிராமம். வீட்டுக்குள் ஒரு கோடுதான் சிக்னல். எந்த கம்பெனி போன் டவர் நன்றாக எடுக்கும்?
– வாசகர், அஞ்செட்டி

கம்பெனியைவிட, உங்கள் ஊர் டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அது போனில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை காடு, மேடு, சுவர் தாண்டி வரும். 3500-ஐ ஒட்டிய அலைவரிசை வேகமானது. ஆனால் தூரம் போகாது.

ஜியோ 5ஜி என்28 (700), என்78 (3500) ஆகிய அலைவரிசைகளில் ஓடுகிறது. மலைக்கு உதவுவது என்28. ஜியோவின் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்குவதால், போனின் விவரப் பட்டியலில் ‘எஸ்ஏ’ என்றும் இருக்க வேண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு பேண்ட் (அலைவரிசை) 28-உம் பேண்ட் 1-உம் வேண்டும். அதோடு அந்த மாடலில் பிஎஸ்என்எல் வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். பேண்ட் இருந்தும் வோல்ட்இ இல்லையென்றால், நெட் வரும். அழைப்பு வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கிவிடும். வாங்கும் முன் உங்கள் சிம்மைக் காட்சிப் போனில் போட்டு, சிம் செட்டிங்ஸில் வோல்ட்இ பொத்தான் வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

சிக்னல் பலவீனமான இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டித்தான் டவரைத் தொடும். சூடு ஏறும், பேட்டரி இறங்கும். ஓசூரில் ஒன்றரை நாள் நிற்கும் 5000 எம்ஏஎச் பேட்டரி உங்கள் ஊரில் ஒரு நாள் நின்றாலே அதிகம். 5ஜி வந்து வந்து போகிறதென்றால் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்தி வையுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் (வைஃபை வழியாகவே அழைப்பு) வசதியுள்ள போனாக எடுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டும் அதைத் தருகின்றன. காந்த ஹோல்டருக்காகப் போனின் முதுகில் இரும்புத் தகடு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஆன்டெனாவை மறைக்கும்.

கிரானைட் பட்டறையில் வேலை. எந்த போன் வாங்கினாலும் ஆறு மாதத்தில் ஸ்பீக்கர் அடைத்து, கண்ணாடியில் கீறல் விழுகிறது. கொரில்லா கண்ணாடி போன் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

கீறல் நிற்காது. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. போன் கண்ணாடிகள் 6-லேயே கீறல் படத் தொடங்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் உங்கள் பட்டறைத் தூசி ஜெயிக்கும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டி, கீறல் விழுந்ததும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. அதை ஒட்டும்போது அடியில் தூசி சிக்கக் கூடாது என்பதால் பட்டறையில் ஒட்டாதீர்கள். திரையைச் சட்டையில் துடைப்பதும் வேண்டாம். முதலில் ஊதுங்கள், பிறகு ஈரத்துணி.

தூசிக்கு, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபி54-இல் முதல் எண் 5: தூசி ஓரளவு உள்ளே போகும் என்றே அர்த்தம். முதல் எண் 6 இருக்கும் ஐபி65, ஐபி68 போன்றவைதான் தூசி புகாதவை. அப்போதும் சார்ஜர் துளையும் ஸ்பீக்கர் வலையும் வெளியே திறந்துதான் இருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, பின் கூடாது. உள்ளே இருக்கும் நாக்கு வளைந்தால் போர்டு வரை செலவு. பட்டறை கம்ப்ரசரின் காற்றை மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். அதன் பிறகு எதிரில் பேசுபவருக்கு உங்கள் குரல் கேட்காது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே டாடா ஆலையில் ஐபோன் பாகம் தயாராகிறது. இங்கே விலை குறையுமா? இல்லையென்றால் பெங்களூரில் பழைய ஐபோன் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், ஓசூர்

இங்கே தயாராவதால் ஓசூருக்கென்று தனி விலை வராது. போனுக்கு ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 18 சதவீதம். விலையை நிறுவனம் நாட்டுக்கே ஒன்றாக வைக்கிறது.

பழையது எடுப்பதென்றால் பில்லும் பெட்டியும் இல்லாமல் எடுக்காதீர்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் சரிபாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழ் இருந்தால் பேட்டரி மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ‘அபவுட்’ பகுதியில் திரை, பேட்டரி, கேமரா மாற்றியிருந்தால் காட்டும். ‘அறியாத பாகம்’ என்று வந்தால் ஒரிஜினல் இல்லாமல் இருக்கலாம். விற்பவரையே உங்கள் முன்னால் முழுவதும் அழிக்கச் சொல்லி, ‘ஹலோ’ திரையிலிருந்து மறுபடி தொடங்கிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் பணம் கொடுக்க வேண்டாம், அது திறக்காது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-உம் பிந்தையவையும் பெங்களூரில் கிடைத்தால் கவனம்: அவற்றில் சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறேன். ஐபி68 போன் ஆற்றில் விழுந்தால் தப்புமா?
– வாசகர், ஒகேனக்கல்

சாரலுக்கும் மழைக்கும் தப்பும். ஐபி68 சோதனை அசையாத சுத்தமான நீரில், பொதுவாக ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இழுப்பும் ஆழமும் உள்ள காவிரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணெயும் சோப்பும் நாளடைவில் ரப்பர் சீலைக் கெடுக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி தருவதில்லை. கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை வாங்கிவிடுங்கள். நனைந்தால் துளை முழுக்கக் காயும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

ஆன்லைனில் இரண்டாயிரம் குறைவாக ஒரு போன், 80 வாட் சார்ஜருடன். வாங்கலாமா?
– வாசகி, தருமபுரி

முதலில் அந்த பிராண்டின் தளத்தில் உங்கள் பின்கோடு 636701 போட்டு சர்வீஸ் சென்டர் தேடுங்கள். கிருஷ்ணகிரிக்கு 635001, ஓசூருக்கு 635109. வரும் முகவரிக்கு போன் செய்து, ‘இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே கையிருப்பில் உண்டா, எத்தனை நாளாகும்?’ என்று கேளுங்கள். போனை வாங்கி வேறு ஊருக்கு அனுப்பும் இடமென்றால் அந்த இரண்டாயிரம் லாபம் அலைச்சலில் போய்விடும். பல நிறுவனங்கள் உதிரிபாக விலையைத் தளத்திலேயே போடுகின்றன. டிஸ்ப்ளே விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

80 வாட் பெரும்பாலும் அந்த பிராண்டுக்கே உரிய முறை. சார்ஜரும் கேபிளும் இரண்டும் அவர்களுடையதாக இருந்தால்தான் அந்த வேகம் வரும். கேபிள் தொலைந்து சாதாரணக் கேபிள் போட்டால் வேகம் பல மடங்கு குறையும். சாம்சங்கும் ஐபோனும் எல்லாருக்கும் பொதுவான ‘பவர் டெலிவரி’ சார்ஜ் முறையைப் பின்பற்றுகின்றன, வேகம் குறைவு; பெட்டியில் சார்ஜரும் தருவதில்லை. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வேக சார்ஜ் பேட்டரியைக் கெடுப்பதைவிட சூடுதான் கெடுக்கிறது. சித்திரை மதியத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கவரோடு சார்ஜ் போடாதீர்கள், 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவையுங்கள். பில் உங்கள் பெயரில் வரட்டும். போனுக்கு ஓராண்டு வாரண்டி என்றாலும் சார்ஜருக்கும் கேபிளுக்கும் பெரும்பாலும் ஆறு மாதம்தான்.