ஒரே பாதைக்கு எத்தனை பத்து அடி?

கேள்வி: எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் 1974-இல் பாகம் பிரித்துக்கொண்ட நிலம். எங்கள் பாகத்துக்கு ‘வடக்கு: 10 அடி பொது வண்டிப்பாதை’ என்றும், சித்தப்பா பாகத்துக்கு ‘தெற்கு: 10 அடி பொது வண்டிப்பாதை’ என்றும் பத்திரத்தில் இருக்கிறது. ஆளுக்கு 10 அடி என்றால் 20 அடிதானே? மொத்தமே 10 அடிதான் என்று சித்தப்பா மகன் வேலி போட வருகிறார். நெல் அறுக்கும் வண்டி எப்படி வரும்? பத்திர நகல் இணைத்துள்ளேன்.

பதில்: குழி தோண்டுவதற்கு முன்பே எழுதினீர்களே, நல்லது. ஆனால் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அது 10 அடி என்றுதான் படுகிறது.

நடுவில் ஓடும் ஒரே பாதை உங்களுக்கு வடக்கு எல்லை, அவருக்குத் தெற்கு எல்லை. இரண்டு செக்குபந்தியிலும் (நான்கு பக்க எல்லை விவரம்) வந்துவிட்டதாலேயே அது இரண்டு பாதை ஆகிவிடாது. அந்த வரியைக் கொஞ்சம் மறந்துவிட்டு விஸ்தீரணத்தை, அதாவது பரப்பளவை, கூட்டிப் பாருங்கள். மொத்தம் 2 ஏக்கர் 40 சென்ட். ‘பாதை நீக்கி’ ஆளுக்கு 1 ஏக்கர் 16 சென்ட். மிச்சம் 8 சென்ட், அதுதான் பாதை. கிழமேல் நீளம் 500 லிங்க்ஸ், அதாவது 330 அடி. 10 அடி அகலம் என்றால் 3,300 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதனால் வகுத்தால் ஏழரை சென்ட்டுக்குச் சற்று மேலே. அதை 8 என்று முழுசாக்கியிருக்கிறார்கள். 20 அடி என்றால் 15 சென்ட் விட்டிருக்க வேண்டுமே! எழுதியவரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் கணக்கு சுத்தம்.

ஆளுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் போட்டு ‘பாதை உள்பட’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் வாதத்துக்கு இடமிருந்திருக்கும்.

அந்த 8 சென்ட் இருவருக்கும் பொது. அதில் அரை அடிகூட அவர் வேலிக்குள் போகக்கூடாது. அதனால் முதலில் விண்ணப்பித்துப் பணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பழைய வரப்போ எல்லைக்கல்லோ இருந்தால் யாரும் அதில் கை வைக்க வேண்டாம். பத்திரத்தில் சொன்ன எல்லை நிலத்தில் தெளிவாக இருந்து, அடிக்கணக்கு அதோடு ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் பெரும்பாலும் எல்லையைத்தான் ஏற்கும்.

10 அடிக்கு வெளியே, அவர் நிலத்தின் மேல் 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமை என்றே வண்டி ஓட்டியிருந்தால் 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் (பிறர் நிலத்தில் நமக்குள்ள வழி போன்ற உரிமைகள் பற்றியது) 15-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் ‘சித்தப்பா, இந்தப் பக்கம் கொஞ்சம் ஏத்தி ஓட்டிக்கிறேன்’ என்று கேட்டு ஓட்டியிருந்தால் அது அனுமதி, உரிமை ஆகாது. உண்மையில் எப்படி நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கென்னவோ வழக்கைவிடப் பேச்சு மலிவு என்று தோன்றுகிறது. அறுப்பு வண்டி அவருக்கும் வேண்டும்தானே? ஆளுக்கு 2 அடி விட்டால் பாதை 14 அடி. ஒருவருக்குப் போவது ஒன்றரை சென்ட். ஒத்துக்கொண்டால் உடனே எழுதிப் பதிவு செய்யுங்கள், வரைபடமும் இணையுங்கள். இந்த முறை ‘தென்வடல் மொத்த அகலம் 14 அடி’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘மொத்த’ என்ற சொல் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.