ஐயாவின் கொப்பிகளுக்குக் காசு சேர்க்கலாமா? கேள்வி பதில்

வன்னிக் குளங்களையும் காட்டையும் பறவைகளையும் பற்றிக் காலமெல்லாம் எழுதிய ஆசிரியர் ஒருவர் அண்மையில் காலமானார். அவருடைய எழுத்தைக் காப்பாற்ற நிதி திரட்டுவது பற்றி என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கிளிநொச்சித் தம்பி ஒருவர்: அக்கா, ஐயாவுக்குச் சிலை வைக்க எங்கள் சனசமூக நிலையத்தில் தீர்மானித்திருக்கிறோம். காசு எப்படிச் சேர்ப்பது?

சிலை இருக்கட்டும் தம்பி. கொப்பிகள் எங்கே? சிலை எழும்பும் வரை கறையான் பொறுத்திருக்காது. முதல் காசை அவற்றை ஸ்கான் செய்யக் கேளுங்கள். "ஐயாவின் பணியைப் போற்ற" என்று கேட்டால் ஆயிரம் ரூபா தந்து அனுப்பிவிடுவார்கள். "எந்த மாரியில் எந்தக் குளம் வான் பாய்ந்தது என்று எழுதிய கொப்பி இது, ஸ்கான் செய்ய இவ்வளவு காசு முடியும்" என்று ஒரு பக்கத்தின் படத்தோடு கேளுங்கள். ஒரு குடும்பமே ஒரு கொப்பியைப் பொறுப்பெடுக்கும். இன்னொன்று: கிழிந்த பத்திரிகை நறுக்குகளுக்கு செலோரேப் ஒட்டாதீர்கள், லமினேட்டும் செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

ரொறன்ரோவிலிருந்து: ஊர்ச்சங்கத்தில் சேர்த்துத் தருகிறோம். யாருடைய பெயருக்கு அனுப்ப?

தனி ஆள் யாருக்கும் வேண்டாம், எனக்கும்தான். அமைப்பைப் பதிவுசெய்து, அதன் பெயரில் கணக்குத் திறந்து, இருவர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வையுங்கள். வரவு செலவை வாசிகசாலைச் சுவரில் மாதாமாதம் ஒட்ட வேண்டும். வெளிநாட்டுக் காசு என்றதும் சனம் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஐயாவின் மகள்: அப்பாவின் கட்டுரைகளை யாரும் அச்சிடலாமா?

இல்லை பிள்ளை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு அனுமதிக் கடிதம் கொடுங்கள். இது இல்லாமல் காசு சேர்க்கத் தொடங்கினால் பாதி வழியில் சண்டைதான். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் இலவசமாக வைத்துவரும் நூலகம் நிறுவனத்துடனும் பேசிப் பாருங்கள். அப்புறம், 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பீர்கள்தானே? தேவாரத்தோடு ஐயாவின் பத்துக் கட்டுரைகளையும் சேருங்கள். அந்த மலரே நிதி கேட்கப் போகும் இடமெல்லாம் பேசும்.

முல்லைத்தீவு ஆசிரியை: பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது?

தயவுசெய்து பேச்சுப்போட்டி வேண்டாம், மனப்பாடம் செய்து ஒப்புவிப்பார்கள். கட்டுரையை வாசித்துவிட்டுக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போங்கள். மாரியில் வலசைப் பறவைகள் வரும். மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது, அங்கே போக வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பஸ் காசைப் பழைய மாணவர் சங்கம் தரும், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மன்னாரிலிருந்து: அவர் பெயரில் மரம் நடலாமா?

நடலாம். பாலை என்றால் மிக மெதுவாகத்தான் வளரும், கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளை முதலில் பிடியுங்கள்.