காரில் சப்வூஃபர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் கூம்பை அசைக்கும் 4 ஓம் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) இரண்டு. மோனோ ஆம்பில் (ஒரே சேனல் ஆம்பிளிஃபயரில்) ‘குறைந்தது 2 ஓம்’ என்று போட்டிருக்கிறது. பிளஸ் எல்லாவற்றையும் ஒன்றாகவும் மைனஸ் எல்லாவற்றையும் ஒன்றாகவும் சேர்க்கச் சொன்னார்கள், அப்படியே செய்தேன். பத்து நிமிடம் பாடியதும் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் நின்றுவிடுகிறது. ஆம்ப் கெட்டுவிட்டதா? (ஈசூன் வாசகர்)

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. சுமை தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. 4 ஓம் காயில்கள் நான்கையும் இணையாகச் சேர்த்தால் மொத்தம் 1 ஓம்தான். 2 ஓமுக்குக் கட்டிய ஆம்பிலிருந்து அது ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பாதுகாப்புச் சுற்று ஒவ்வொரு முறையும் காப்பாற்றும் என்று நம்பி இப்படியே ஓட்டாதீர்கள். ஒருநாள் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

இந்த இரண்டு சப்வூஃபர்களை முறையாக இணைத்தால் 1, 4, 16 ஓம் மட்டுமே கிடைக்கும். 2 ஓம் வரவே வராது. எனவே 4 ஓமாக மாற்றுங்கள். ஒரு சப்வூஃபரில் முதல் காயிலின் மைனஸை இரண்டாவது காயிலின் பிளஸோடு சேருங்கள். மிஞ்சும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ் இடையே 8 ஓம் இருக்கும். மற்றதையும் அப்படியே செய்து, இரண்டையும் இணையாக ஆம்பில் கொடுங்கள்: 4 ஓம். சக்தி குறையும், ஆனால் ஆம்ப் சூடாகாமல் ஓடும். முழுச் சக்தியும் வேண்டுமென்றால் சப்வூஃபர்களை 2 ஓம் இரட்டைக் காயில் வகைக்கு மாற்றுங்கள். இதே இணைப்பில் சரியாக 2 ஓம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விடுவது வழியல்ல. சப்வூஃபர் தாங்கும் சக்தி பாதியாகிவிடும்.

ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4 ஓம் என்று எழுதியது மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரிதான். 1-க்குப் பக்கத்தில் காட்டினால் மாட்டாதீர்கள். துருவத்தையும் பாருங்கள்: 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் இரண்டு கூம்பும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பாஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். ஒரே சப்வூஃபரின் இரு காயில்கள் எதிரெதிராக இருந்தால் கூம்பு அசையாது. கொடுத்த சக்தியெல்லாம் வெப்பமாகிக் காயிலைக் கருக்கிவிடும்.

கேள்வி: ‘1500 வாட்’ என்று அட்டையில் போட்ட 8 கேஜ் வயர் செட் வாங்கினேன். ஆம்ப் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் சக்தி). பானட்டுக்குள் இடமில்லாததால் ஃபியூஸை பூட்டில், ஆம்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. அந்த ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, வயரை. பேட்டரியிலிருந்து பூட் வரை ஏறக்குறைய 5 மீட்டர் வயர், இருக்கைக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஓடுகிறது. வழியில் எங்காவது தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் பூட்டில் இருந்தால் அதற்கு அது தெரியவே தெரியாது. வயர் பழுத்து கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். பேட்டரி பிளஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இடம் இல்லை என்றால் சிறிய ஃபியூஸ் ஹோல்டர் வாங்குங்கள், அல்லது ஒரு தகடு வளைத்துப் பேட்டரித் தாங்கியில் பொருத்துங்கள்.

அட்டையில் உள்ள வாட் கணக்கை மறந்துவிடுங்கள். 500 வாட் கொடுக்கும் கிளாஸ் டி ஆம்ப் 80 விழுக்காடு திறனில் ஓடினால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். மலிவான செட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினிய வயர். 8 கேஜ் அளவில் 5 மீட்டருக்கு அதில் 0.7 வோல்ட் வரை வீணாகும். நல்ல செம்பில் 4 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்) போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. உங்கள் ஆம்புக்கு 4 கேஜ் செம்பு வயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். வயரைச் சந்தேகித்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம்.

வேலையைத் தொடங்கும்போது 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். இரும்புத் தடுப்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள். வண்டி அதிரும்போது தகட்டின் விளிம்பு மெல்ல மெல்ல தோலை அறுக்கும். ஃபியூஸ் போடாமல் எல்லாவற்றையும் இணைத்து, ஆம்ப் பக்கத்து முனையைக் கழற்றி, வயருக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஷார்ட் இல்லையென்று மீட்டரில் பார்த்துவிட்டு முனையை மறுபடி மாட்டுங்கள். பிறகு மைனஸ், கடைசியில் ஃபியூஸ். ஃபியூஸ் செருகும்போது சிறு பொறி பறந்தால் பயப்பட வேண்டாம். ஆம்பின் கப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன.

எர்த் வயரும் அதே 4 கேஜ், 45 சென்டிமீட்டருக்குள். பெயின்ட்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, வளைய முனையைப் போல்ட்டால் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுரண்டிய இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். இருக்கைப்பட்டியின் போல்ட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் வண்டி ஹைபிரிட். ஆம்ப் போடலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: போடலாம். ஆனால் ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர்மின்னழுத்த வயர்கள், அவற்றின் பக்கம் கையே போகக்கூடாது. ஆம்பின் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டுமே. சில பிரியஸ் வண்டிகளில் அது பூட்டிலேயே இருப்பதால் வயர் மிகவும் குறையும். அப்போதும் ஃபியூஸ் அவசியம். ஹைபிரிட்டில் அந்தப் பேட்டரியைப் பொதுவாக ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக ஒரு மின்மாற்றுச் சாதனம் நிரப்புகிறது. அதன் அளவு மாடலுக்கு மாடல் மாறும். எனவே பெரிய ஆம்ப் வேண்டாம், 300 வாட்டுக்குள் நிறுத்துங்கள். மைனஸ் முனையில் சென்சார் இருந்தால், ஆம்பின் எர்த்தை அதன்மேல் மாட்டாமல் வண்டி உடலில் மாட்டுங்கள். வாரன்டி முடியவில்லை என்றால் ஏஜென்டிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சத்தமாக வைத்தால் சப்வூஃபரிலிருந்து கருகிய வாடை வருகிறது. சப்வூஃபர் 300 வாட், ஆம்ப் 2 ஓமில் 500 வாட். கெயினைப் பாதிதான் திருப்பியிருக்கிறேன். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: உடனே குறையுங்கள், அது காயிலின் பசை வேகும் வாடை. கெயின் ஒலியளவுக் குமிழ் அல்ல, ரேடியோ சிக்னலின் வலுவுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் குமிழ். ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் வலுவாக இருந்தால் பாதியிலேயே ஆம்ப் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியபின் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகி, காயில் ஆறவே நேரமில்லாமல் சூடேறும்.

சரிசெய்யும் முறை இது. சப்வூஃபர் வயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பாஸ் பூஸ்ட் பூஜ்ஜியம், ரேடியோவின் ஈக்வலைசர் சமநிலை, லோ பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) கடைசி வரை மேலே. கெயினை முழுதும் இறக்கி, ரேடியோ ஒலியை முக்கால் பங்கில் வைத்து 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது? வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 பெருக்கல் 2 என்றால் 600, வர்க்கமூலம் 24.5. அங்கே நிறுத்துங்கள். பிறகு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். அதற்குப்பின் ரேடியோவை முக்காலுக்கு மேல் ஏற்றாதீர்கள். வாடை வந்த காயிலையும் அளந்துவிடுங்கள். மற்றக் காயிலைவிட ஓம் வெகுவாக மாறியிருந்தால் அது சேதமாகிவிட்டது.

கேள்வி: எஞ்சின் வேகத்தோடு ‘ஊய்ங்’ என்று சத்தம் ஏறி இறங்குகிறது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: முதலில் எர்த்தைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. போகவில்லை என்றால் ரேடியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை மின்வயருக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. நண்பகலில் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்திலிருந்து எடுத்தால் ஆம்ப் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். பேட்டரி தீர்வதற்குக் காரணம் ஆம்பை இயக்கவும் அணைக்கவும் சொல்லும் ரிமோட் வயராக இருக்கும். அதை எப்போதும் மின்சாரம் உள்ள வயரில் மாட்டியிருந்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும். ரேடியோவின் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரில் மாட்டுங்கள். அது இல்லாத கம்பெனி ரேடியோ என்றால், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுங்கள். சாவியை எடுத்தபின் ஆம்ப் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள்.

வெயிலில் நிற்பது இடப் பிரச்சினை. ஆம்பைக் கார்ப்பெட்டுக்கு அடியிலோ சப்வூஃபர் பெட்டியின் மேலோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெட்டியின் அதிர்வு ஆம்பின் ஈயப் பற்றுகளையும் விரிசல் விடச்செய்யும். ஒரு பலகையில் திருகி, சுற்றிலும் 5 சென்டிமீட்டர் காற்று விடுங்கள். புகை எப்போதாவது தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி எல்லோரும் இறங்கித் தள்ளிப்போய் சிங்கப்பூர் தீயணைப்புப் படையின் 995-ஐ அழையுங்கள். பானட்டை அகலத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ மூளும்.