கால்ப்ரோடெக்டின் 600, ஸ்கேன் மட்டும் நார்மல்: எதை நம்புவது?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 'நார்மல்' என்ற ஒரு சொல்லை வைத்து உங்கள் க்ரோன் நோய் (குடலில் நீண்டகாலம் நீடிக்கும் அழற்சி நோய்) அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலப் பரிசோதனையில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) 600 என்றால் குடலில் அழற்சி இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு எடுத்தது வழக்கமான வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனாக இருக்கும். அதில் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்ப்பார்கள். குடல் சுவரைப் பொதுவாக அளப்பதில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடல் சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கிறதா? க்ரோன் அதிகம் தாக்கும் இடமான சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? டாப்ளரில் (ஸ்கேனிலேயே ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) தெரிந்த ரத்த ஓட்டம்? சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்து, ரத்த ஓட்டமும் கூடியிருந்தால் அழற்சியைத்தான் சந்தேகிப்பார்கள். இவை எதுவுமே இல்லையென்றால், சரி, குடல் அல்ட்ராசவுண்டில் பழக்கமுள்ளவரிடம் அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்தும் வேண்டாம். சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பழைய அளவோடு ஒப்பிடலாம். இதன் பெரிய பலமே அதுதான்.

ஆனால் மலக்குடல் இதில் சரியாகத் தெரியாது. அப்புறம், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கால்ப்ரோடெக்டினை ஏற்றும். சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். க்ரோனுக்கான மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.