ஸ்காட்லாந்து பிரிஞ்சா இங்கிலாந்துக்கு என்ன நஷ்டம்?

அண்ணா,

நான் கார்லைல்ல ஒரு லாரி கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். வண்டியெடுத்தா கொஞ்ச நேரத்துல ஸ்காட்லாந்து. அவங்க தனியா போற பேச்சு வந்தாலே இங்க எல்லாரும் "போனா போகட்டும், நஷ்டம் அவங்களுக்குத்தான்"ங்கறாங்க. 55 லட்சம் பேர் இருக்குற ஒரு பகுதி போறதால இவ்ளோ பெரிய இங்கிலாந்துக்கு ஒண்ணும் ஆகாதா?

வாசகர், கார்லைல்

தம்பி,

சராசரிக் கணக்குல உங்க ஆபீஸ்காரங்க சொல்றது சரிதான். ஸ்காட்லாந்து வெளிய விக்கிறதுல சுமாரா 60 சதவீதம் பிரிட்டனோட மத்த பகுதிகளுக்குத்தான் போகுது, அதனால அடி அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா நஷ்டம் என்ன எல்லார் தலைலயும் சமமா பிரிச்சு வைக்கவா போறாங்க? லண்டன்காரருக்கு தெரியவே தெரியாது, எல்லை ஓரத்துல இருக்குற கார்லைலுக்கும் பெரிக்குக்கும் நல்லா தெரியும்.

2014 செப்டம்பர்ல ஸ்காட்லாந்து பிரியலாமான்னு ஓட்டு நடந்தப்போ (55க்கு 45ன்னு பிரியணும்ங்கற பக்கம் தோத்துச்சு) ரெண்டு பக்கமும் ஐரோப்பிய யூனியன்ல இருக்கும்ங்கற கணக்குலதான் பிரியணும்னு கேட்டவங்க பேசினாங்க, அப்படி நடந்திருந்தா எல்லைல சுங்கச் சோதனையே தேவைப்பட்டிருக்காது. பிரிட்டன் யூனியனை விட்டு வெளிய வந்த பிரெக்ஸிட் அதை மாத்திடுச்சு. இப்ப ஸ்காட்லாந்து பிரிஞ்சு போய் யூனியன்ல சேந்தா எல்லையோர ஊரான கிரெட்னா ஐரோப்பிய யூனியனோட எல்லை ஆயிடும், உங்க லாரி ஒவ்வொண்ணுக்கும் பேப்பர், செக்கிங், வெயிட்டிங் எல்லாம் வரும்.

அதைவிட பெரிய தலைவலி பணம். பவுண்டை பங்கு போட்டுக்க முடியாதுன்னு 2014 பிப்ரவரில அப்போ பிரிட்டன் நிதியமைச்சரா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் சொன்னார். அது அவங்களை மிரட்ட சொன்னதுதான், ஆனா அங்க சரக்கு விக்கிற இங்கிலாந்து கம்பெனியும்தானே அப்புறம் கரன்சி மாத்தி மாத்தி கமிஷன் அழணும், இதை பிரியணும்னு கேட்டவங்க அப்பவே எடுத்துச் சொன்னாங்க. செப்டம்பர்ல ஒரே ஒரு சர்வேல பிரியணும்ங்கறவங்க முன்னாடி வந்ததும் பவுண்டு விழுந்துச்சு, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் லாய்ட்ஸ் பேங்கும் அவங்க ஜெயிச்சா பதிவு ஆபீஸை லண்டனுக்கு மாத்திடுவோம்னாங்க. அப்ப ஒரு ஓட்டுகூட எண்ணல.

ரெண்டு பழைய கதை இருக்கு. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1ல பிரிஞ்சப்போ கொஞ்ச நாள் ஒரே நாணயத்தை வச்சிக்கலாம்னாங்க, ஸ்லோவாக்கியா பணம் மதிப்பு இறங்கும்னு பயந்து ஜனங்க பணத்தை செக் பக்கம் தள்ள ஆரம்பிச்சாங்க, பிப்ரவரி 8லயே தனித்தனி ஆயிடுச்சு. இன்னொண்ணு அயர்லாந்து. 1922ல பிரிட்டனை விட்டு வெளிய போன நாடு, தனி நோட்டு அடிச்சும் பவுண்டுக்கு பவுண்டு சமம்னு 1979 வரைக்கும் ஓட்டுனாங்க. அவங்க ஏற்றுமதில 90 சதவீதத்துக்கு மேல பிரிட்டனுக்கே போயிட்டிருந்தப்போ வேற என்ன பண்ண முடியும்? ஸ்காட்லாந்தும் ஆரம்பத்துல அயர்லாந்து வழிலதான் போகப் பாக்கும்னு நினைக்கிறேன், உங்க கம்பெனிக்கும் அதான் நல்லது.

ஸ்காட்லாந்து பக்கத்து கடல்ல எடுக்குற எண்ணெயை நான் பெருசா எடுத்துக்கல. எடின்பரோல இருக்குற ஸ்காட்லாந்து அரசு பேரல் 113 டாலர்னு கணக்கு போட்டு புத்தகம் போட்டாங்க, 2015 ஜனவரில விலை 50க்கு கீழ. இப்போ பேசவேண்டியது கரண்ட். ஸ்காட்லாந்து காத்தாலைக் கரண்ட் இங்கிலாந்துக்கு வருது, அதுக்கான மானியத்தை ரெண்டு பக்கத்து மக்களும் பில்லுல சேத்து கட்டுறாங்க, லைன் பத்தாம காத்தாலையை நிறுத்தச் சொல்லி அதுக்கும் பணம் குடுக்குறாங்க. பிரிஞ்சா இந்த பில்லு யாருதுங்கறதுல பெரிய சண்டை வரும், இங்கிலாந்து ஈஸியா ஜெயிக்கும்னு நான் நம்பல, கரண்ட் வேணும்ல.

உடனே எதுவும் நடக்காது. லண்டன் சம்மதிக்காம எடின்பரோ ஓட்டெடுப்பு நடத்த முடியாதுன்னு 2022 நவம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா வங்கிகள் ஓட்டு எண்ணுற வரைக்கும் காத்திருக்கலன்னு மேல பாத்தோம்ல, எல்லைக்கு பக்கத்துல குடோன் கட்டலாமான்னு யோசிக்கிற முதலாளியும் அதே மாதிரிதான், முடிவு தெரியாதப்போ கட்ட மாட்டார்.