பாம்பன் பக்கம் யுகேஜி வகுப்பு எடுக்கிறேன். சிறு குழு வாசிப்பை எப்படி நடத்துவது?

ஏறத்தாழ ஒரே நிலையில் வாசிக்கும் 4 முதல் 6 குழந்தைகளைச் சேர்த்து அமர்த்துங்கள். 10, 15 நிமிடம் போதும். ஆளுக்கொரு பிரதி கட்டாயம் வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கூவுவது இந்த முறையில் கிடையாது. கூவும்போது பாதிப் பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் மெல்லிய குரலில் வாசிக்கட்டும். நீங்கள் ஒவ்வொருவர் பக்கமாகக் குனிந்து கேளுங்கள்.

பொருத்தமான புத்தகம் இல்லையென்றால் நீங்களே எழுதலாம்: "இது வலை. இது படகு. இது மீன்." சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசிக்கப் பழக்குங்கள்.

தமிழில் பிள்ளைகள் திணறும் இடம், எழுத்துக்கு முன்னால் வரும் கொம்புக் குறி (ெ). 'நெத்திலி' கடற்கரைக் குழந்தைக்கு நன்கு தெரிந்த சொல். ஆனால் எழுத்தில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. காதில் முதலில் விழுவதோ மெய்யொலி. 'கொடுவா' என்ற மீன் பெயர் இன்னும் கடினம்: கொம்பு முன்னால், கால் (ா) பின்னால். அங்கே குழந்தை நின்றால் உடனே சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற எழுத்துகளை விரலால் மறைத்து, 'கொ' முழுவதையும் ஒரே ஒலியாகச் சொல்ல வையுங்கள். பிறகு அடுத்த எழுத்து. படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஊகம் சரியாக அமைந்தாலும் எழுத்து மனதில் பதியாது.

மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் மணலில் எழுதலாம், படம் வரையலாம். யார் எந்த எழுத்தில் நின்றார்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை வைத்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை குழுக்களைக் கலைத்து மாற்றுங்கள்.