காமன் கூத்துக்கு உரிமைக்காரர் யார்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை (மன்மதன், ரதி கதையை ஆடும் மலையக நாட்டார் கூத்து) போனில் எடுத்து யூடியூப்பில் போட்டேன். ரதியின் ஒப்பாரி வரும் இடத்துக்கு யாரோ பதிப்புரிமை கோரியிருக்கிறார்கள். பாட்டோ தாத்தா காலத்தது. என்ன செய்வது?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வந்திருப்பது 'கிளைமா', 'ஸ்ட்ரைக்கா' என்று யூடியூப் ஸ்டூடியோவில் முதலில் பாருங்கள். கிளைம் (உரிமை கோரல்) பெரும்பாலும் கணினி ஒலியை ஒப்பிட்டுப் பிடிப்பது. அதே பாட்டை யாராவது பாடிப் பதிவேற்றியிருந்தால், மெட்டு ஒத்துப்போனதும் இயந்திரம் மயங்கிவிடும். 'டிஸ்பியூட்' (மறுப்பு) கொடுத்து, இது நாட்டார் பாடல், ஒலிப்பதிவு என்னுடையது, எடுத்த இடமும் திகதியும் இவை என்று எழுதுங்கள். கோரியவர் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் கிளைம் விழுந்துவிடும்.

ஸ்ட்ரைக் (காணொளியை நீக்கச் சொல்லி வந்த சட்ட அறிவித்தலால் விழும் எச்சரிக்கை) என்றால் கவனம். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் செனலே போகலாம். நீக்கியது தவறு என்று எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். ஆனால் உங்கள் பெயரும் விலாசமும் கோரியவர் கைக்குப் போகும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகவும் எழுத வேண்டும். யூடியூப்பில் நடப்பது அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் (DMCA). கோரியவர் 10 வேலை நாளில் வழக்குக்கு ஆதாரம் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும்.

நம்முடைய இலங்கையில் பதிப்புரிமையைப் பார்க்கும் புலமைச் சொத்துச் சட்டம் 2003இல் வந்தது, 36ஆம் இலக்கம். யூடியூப் பிறந்ததே 2005இல். அறிவித்தல், எதிர் அறிவித்தல் என்ற நடைமுறை அந்தச் சட்டத்தில் இல்லை. திருத்துவதென்றால் முதலில் இதைத்தான் திருத்த வேண்டும். தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர் கலிபோர்னியா நீதிமன்றத்துக்குத் தலையாட்டுவது என்ன நியாயம்?

பாட்டு யாருக்கும் தனிச்சொத்தல்ல. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு அதை நாட்டார் வெளிப்பாடு என்று காக்கிறது. காசுக்காகப் பயன்படுத்துவதற்கு உரிய அதிகாரியின் அனுமதியையும் கேட்கிறது. ஆடிப்பாடியவர்களுக்கும் தனி உரிமை உண்டு. ரதி, மன்மதன் வேடக்காரர்களிடமும் கூத்து மாஸ்டரிடமும் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்காமல் அடுத்த வருஷம் கெமராவைத் தூக்காதீர்கள்.

கேள்வி: மலையகப் பாடல் தொகுப்பு நூல்களை ஸ்கேன் செய்து போடலாமா?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: பாடல்களைப் போடலாம், நூலைப் போடக்கூடாது. தெரிவு, அடுக்கு, முன்னுரை, மொழிபெயர்ப்பு எல்லாம் தொகுத்தவருடையவை. அவர் மறைந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும். மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். 2054 முடியும்வரை பொறுக்க வேண்டும். மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் எழுத்தாளருமான கோ. நடேசய்யர் 1947இல் மறைந்தார்; அவர் எழுதியவற்றை இன்று தாராளமாகப் போடலாம். நாட்டார் பாடலைத் தட்டச்சு செய்து போடும்போது எந்தச் சமூகம், எந்த இடம் என்று குறிப்பிடுங்கள்; அச்சு நூலுக்குச் சட்டமே அதைக் கேட்கிறது.

கேள்வி: பதிப்புரிமையைப் பதிவு செய்யக் கட்டணம் எவ்வளவு?
– வாசகர், லுணுகலை

பதில்: கட்டணமும் இல்லை, பதிவும் தேவையில்லை. எழுதியதும் எடுத்ததுமே உரிமை பிறந்துவிடும், நிரூபிப்பதுதான் பாடு. மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிவிட்டுப் போனில் அழித்துவிடாதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும், எடுத்த திகதி விவரமும் போய்விடும். பென் டிரைவில் ஒரு பிரதி, இன்னொருவர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.